ஏசிக் கடைக்குப் பங்குடைமை உடன்படிக்கை: வன்னி வாசகர்களின் கேள்விகளும் ஒரு சட்டத்தரணியின் பதில்களும்

கிளிநொச்சி வாசகர்: நானும் நண்பரும் குளிரூட்டி பொருத்தித் திருத்தும் கடையொன்றைத் தொடங்குகிறோம். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரை இருவர் பெயரிலும் பதிந்துவிட்டோம். இனி உடன்படிக்கை எதற்கு?

பதில்: இந்தப் பெயரில் வியாபாரம் செய்பவர்கள் யார் என்பதைப் பதிவுச் சான்றிதழ் ஊருக்கு அறிவிக்கும், உங்கள் இருவருக்குமிடையே என்ன ஏற்பாடு என்பதை அது சொல்லாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி, மூலதனம் (பங்கு முதல்) 1,000 ரூபாவைத் தாண்டும் பங்குடைமை எழுத்தில் அமைந்து கையொப்பமிடப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தொகைக்கு இன்று ஒரு நல்ல காஸ் கேஜ்கூட வாங்க முடியாது என்பதால் இவ்விதி எல்லோருக்கும் பொருந்தும். ஆனால் வெளியார் உங்களைப் பங்காளர்கள் எனக் காட்டி வழக்குத் தொடுப்பதை அதே பிரிவு தடுக்கவில்லை. எனவே எழுத்து இல்லாவிட்டால், கடனுக்கு ஏசி அனுப்பிய கொழும்பு வியாபாரி உங்களைத் தேடி வரலாம். நீங்களோ நண்பரிடம் உங்கள் இலாபப் பங்கைக் கேட்டு நீதிமன்றம் போக முடியாமல் நிற்கலாம்.

எழுதினாலும், எழுதாமல் விட்ட இடங்களை 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியற் சட்டக் கட்டளைச் சட்டத்தின் வழியாக இங்கு வழங்கும் ஆங்கிலேயப் பங்குடைமைச் சட்டம் (1890) நிரப்பும். அதன்படி இலாபமும் நட்டமும் சரிசமம். உழைப்புக்குச் சம்பளம் இல்லை. பெரும்பான்மை சேர்ந்து ஒருவரை வெளியேற்ற முடியாது. ஒருவர் இறந்தால் பங்குடைமை கலைந்துவிடும். இவற்றில் எது உங்களுக்கு ஒவ்வாதோ அதை முதலில் எழுதுங்கள்.

வவுனியா வாசகர்: நான் என்.வி.கியூ. (தேசியத் தொழிற்றகைமை) 4 முடித்த தொழில்நுட்பவியலாளர். கனடாவிலுள்ள மைத்துனர் பணம் போடுகிறார். பாதிக்குப் பாதி என்று பேசியிருக்கிறோம்.

பதில்: ஓட்டின் மேல் ஏறி வெயிலில் வேலை செய்பவர் நீங்கள். சம்பள வாசகம் இல்லாவிட்டால் அந்த உழைப்புக்குத் தனி மதிப்புக் கிடையாது. மாதாந்தத் தொகையொன்றைக் குறித்து, அதைக் கழித்த பின்னரே இலாபம் பிரிக்கப்படும் என்று எழுதுங்கள். அடுத்ததாக, மைத்துனர் பங்காளரா, கடன் கொடுத்தவரா என்பதைத் தீர்மானியுங்கள். பங்காளரானால், கனடாவில் இருந்தாலும், கடையின் கடன்களுக்கு வரையறையின்றிப் பொறுப்பாவார். இதை அவருக்கு இப்போதே சொல்லிவிடுவது உறவுக்கு நல்லது. வக்கியூம் பம்ப், காஸ் மீட்கும் இயந்திரம் முதலிய கருவிகளை யார் பணத்தில் வாங்கியது, யாருக்குச் சொந்தம் என்பதை இணைப்பாகச் சேர்த்துக் கையொப்பமிடுங்கள். ஒருவர் பெயரில் லீசிங்கில் எடுத்த வானையும் மறக்க வேண்டாம்.

மல்லாவி வாசகர்: என் பங்கு முதலாக வீதியோரப் பேர்மிற் காணியை (அரச அனுமதிப்பத்திரக் காணியை) தருகிறேன். பெறுமதியை எப்படி எழுதுவது?

பதில்: எழுத வேண்டாம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணியை, உரிய அதிகாரியின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. உடன்படிக்கையில் பங்கு முதல் என்று எழுதுவதால் அது கடையின் சொத்தாகிவிடாது.

விசுவமடு வாசகர்: இதை ஏற்க முடியாது. என் தகப்பனார் காடு வெட்டித் திருத்திய காணி அது. இடம்பெயர்ந்து திரும்பி வந்தும் அதிலேயே குடியிருக்கிறோம். எங்கள் காணியை எங்கள் கடைக்குக் கொடுக்க எவரைக் கேட்க வேண்டும்?

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் உண்டு, ஆனால் நீதிமன்றம் பார்ப்பது அனுமதிப்பத்திரத்திலுள்ள நிபந்தனைகளை. அதில் பயிர்ச்செய்கைக்கு அல்லது குடியிருப்புக்கு என்றிருந்தால், கடை கட்டுவதே தனிக் கேள்வியாகிவிடும்.

மல்லாவி வாசகர்: என்னிடம் இருப்பது ஜயபூமி என்ற பெயரில் அரசு வழங்கிய உறுதி. அது உறுதிதானே?

பதில்: அதுவும் அதே சட்டத்தின் கீழான அளிப்பே, அதைக் கைமாற்றுவதற்கும் முன்கூட்டிய சம்மதம் வேண்டும். வழி இல்லாமல் இல்லை. காணியைப் பங்கு முதலில் சேர்க்காமல் விலக்கி வையுங்கள். கடைக்கென்று அனுமதி கேட்டுப் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பியுங்கள். கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய இரும்புக் கொட்டகைக்குச் செலவிட்டால், அதற்குப் பணம் கொடுத்தவர் யார், பிரியும்போது அதை யார் எடுப்பார் என்பதை மட்டும் உடன்படிக்கையில் எழுதுங்கள். அனுமதியில்லாத இடத்தில் கொங்கிறீற் போட்டு, அதைப் பங்கு முதலென்று கணக்கெழுதுவோரை நான் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறேன்: பிரிவு வரும் நாளில் காணிக்காரர் காணியோடு நிற்பார், மற்றவர் கணக்குக் கொப்பியோடு நிற்பார்.

விசுவமடு வாசகர்: அப்படியானால் சட்டத்தை மாற்ற வேண்டும்.

பதில்: மாறும்வரை உடன்படிக்கையை இருக்கும் சட்டத்துக்கே எழுத வேண்டும்.

முல்லைத்தீவு வாசகர்: மீன்வாடிகளின் குளிர் அறைகளைப் பராமரிக்க ஒப்பந்தம் எடுத்திருக்கிறோம். ஒரு பங்காளர் விலகினால்?

பதில்: அவர் காலத்தில் கொடுத்த உத்தரவாதங்களை யார் நிறைவேற்றுவார், கொம்பிறசர் பழுதானால் செலவு யாருடையது, வாங்கிய முற்பணம் எங்கே என்பவற்றை ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஓசோன் படலத்தைக் காக்கும் சர்வதேச உடன்பாடான மொன்றியல் நெறிமுறையின் கீழ், பழைய இயந்திரங்களில் உள்ள ஆர்-22 என்ற குளிரூட்டும் காஸ் படிப்படியாக ஒழிக்கப்பட்டு வருவதால், பழைய இயந்திரங்களுக்குக் குறித்த விலையில் நீண்டகால ஒப்பந்தம் செய்ய இரு பங்காளரின் கையொப்பமும் வேண்டுமென்று விதிப்பது நல்லது. விலகியதை வாடிக்கையாளருக்கும் கடன் கொடுத்தவருக்கும் அறிவிக்காவிட்டால், விலகிய பின்னர் கடை படும் கடன்களும் விலகியவரைத் துரத்தலாம். கடையின் தொலைபேசி இலக்கம் யாருடன் போகும் என்பதையும் குறியுங்கள். வாடிக்கையாளர் அந்த இலக்கத்தைத்தான் அறிவார்கள்.

மாங்குளம் வாசகர்: வருமான வரி?

பதில்: கணக்காளரிடம் கேளுங்கள்.

புதுக்குடியிருப்பு வாசகர்: எங்களிடம் வியாபாரப் பதிவு இருக்கிறது. அது போதுமா?

பதில்: போதாது. முதற் பதிலைப் பாருங்கள்.

ஓமந்தை வாசகர்: பதிவில் இருவர் பெயரும் உள்ளதே, ஐயா?

பதில்: இருபது பெயர் இருந்தாலும் பதில் அதுவே.

நெடுங்கேணி வாசகர்: உடன்படிக்கையை நொத்தாரிசு முன்னிலையில் எழுத வேண்டுமா?

பதில்: பங்குடைமைக்கு மட்டுமென்றால் எழுத்தும் கையொப்பமும் போதும், சாட்சிகள் இருப்பது நல்லது. ஆனால் கடைக் கட்டடத்தை ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்குக் குத்தகைக்கு எடுத்தால், அந்தக் குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். அதை ஒரு பங்காளர் தன் பெயரில் மட்டும் எடுத்தால், கடைக்காகவே எடுத்தார் என்பதையும் அங்கேயே எழுதச் சொல்லுங்கள்.