பஸ் ஓட்டுபவருக்கு நடை எதற்கு?

கேள்வி: டாக்டர் ஐயா, இங்கே தென்னாப்பிரிக்காவில் சாட்ஸ்வர்த்திலிருந்து டர்பன் டவுனுக்கு 20 வருஷமாக பஸ் ஓட்டுகிறேன். ராத்திரி உடம்பு அடித்துப் போட்டதுபோல் கிடக்கிறது. இதற்குமேல் நடை வேறா?

பதில்: தம்பி, அலுப்பு உடற்பயிற்சி ஆகாது. லண்டன் பஸ்களை வைத்தே ஜெரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் 1953-இல் காட்டினார்: மாடிப் பஸ்ஸில் படியேறி இறங்கிய கண்டக்டர்களைவிட உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு இதய நோய் அதிகம். டிரைவர்களின் கால்சட்டை இடுப்பளவுகூடப் பெரிதாம்!

உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், வேக நடை போன்ற மிதமான உடலுழைப்பு. பேச முடியணும், பாட முடியக்கூடாது, அதுதான் வேகம். நானே இதய பைபாஸ் ஆபரேஷனுக்குப் பிறகுதான் திருந்தினேன். பஸ் நிற்கும் நேரத்தில் பத்துப் பத்து நிமிடமாக நடங்கள். பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு) வாங்க நடப்பதும் சேர்த்தி, தின்பது சேராது. நெஞ்சு இறுகினால் நின்றுவிடுங்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.