மாமரத்தடியில் காளான்

கேள்வி: மாமரத்தடியில் பொச்சுமட்டையும் மரத்தூளும் பரப்பியிருந்தோம். மாரி மழையோடு அதிலே வெள்ளைக் காளான் முளைக்கிறது. மரம் பட்டுப்போகுமா? மருந்தடிக்கலாமா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: ஒரு காளானை அடியோடு கிளப்பிப் பாருங்கள். தூளும் மட்டைத் துண்டும் வெள்ளை நூல்போன்ற இழையோடு சேர்ந்து வந்தால், அது மூடுபடையை, அதாவது நீங்கள் பரப்பிய மட்டையையும் தூளையும், உக்கவைக்கும் காளான். மரத்தைத் தொடாது, உக்கியது பசளையாகும். மருந்து வீண்செலவு: மேலே தெரிவது குடை மட்டுந்தான், இழை உள்ளே கிடக்கும்.

மூடுபடை தடித்து ஈரம் தேங்கினால்தான் இது கூடும். 2, 3 அங்குலத்துக்கு மேல் போடாதீர்கள். அடிமரத்திலிருந்து அரை அடி விலக்குங்கள். பலர் மரத்தோடு அணைத்துக் குவிப்பார்கள், பட்டை அழுகுவது அதனால்தான். மழை விட்டதும் வாரியால் கிளறிவிடுங்கள்.

அடிமரத்திலோ வேரிலோ கட்டையாக, மேலே செம்பழுப்பு மினுக்கமும் ஓரத்தில் வெள்ளையுமாகத் தட்டுப்போல் வந்தால் கதை வேறு. அது கனோடெர்மா என்ற, மரத்தையே அழுகவைக்கும் காளானாக இருக்கலாம். உள்ளே வேர் அழுகத் தொடங்கியிருக்கும். தட்டை உடைத்தெறிவதால் மரம் தேறாது. வீட்டுப்பக்கம் சாய்ந்த மரமென்றால் காற்றுக்கு முன்னர் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.

கறிக்கு எடுக்க வேண்டாம். அவித்தாலும் போகாத நஞ்சுள்ள காளான்கள் உண்டு. சின்னப் பிள்ளைகள் விளையாடும் முற்றமென்றால் குடை விரியமுன் பிடுங்கிப் புதைத்துவிடுங்கள்.