அவகாசம் கேட்டு மனு கொடுக்காதீர்கள்

கேள்வி: எங்கள் ஊர்ச் சாலை ஒரு காலத்தில் வண்டிப்பாதை. அதற்காக என் தாத்தா தோட்டத்தின் ஓரத்தை வாய்வார்த்தையாக விட்டுக்கொடுத்தார். அது ஒன்றியச் சாலையாகி, இப்போது மாவட்ட இதர சாலை ஆகிவிட்டது. அகலப்படுத்துவதற்காக என் கடையின் முன்பகுதியையும் சுற்றுச்சுவரையும் 7 நாளில் அகற்றச் சொல்லி நெடுஞ்சாலைத் துறை நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. எதிரே உள்ள அரசியல் பிரமுகரின் சுவரை யாரும் தொடவில்லை. நிலம் கொடுத்த குடும்பத்துக்கு இதுதான் மரியாதையா? இழப்பீடு எவ்வளவு கிடைக்கும்? தையில் மகள் கல்யாணம். அதுவரை அவகாசம் கேட்டு மனு கொடுக்கச் சொல்கிறார் வி.ஏ.ஓ. கொடுக்கலாமா? பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது.
– பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் அனுப்பிய நோட்டீஸின் தலைப்பிலேயே ‘தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001, பிரிவு 28’ என்று இருக்கிறது. அது ஆக்கிரமிப்பை அகற்றும் பிரிவு. நிலம் எடுப்பது 15-வது பிரிவு. 15-ல் நோட்டீஸ் வந்தால், இது உங்கள் நிலம், எங்களுக்கு வேண்டும் என்று அரசு சொல்வதாக அர்த்தம். 28-ல் வந்தால், இது எங்கள் இடம், நீங்கள் எழுந்திருங்கள் என்று அர்த்தம். அதில் இழப்பீடு என்ற பேச்சே கிடையாது. ஆகவே கேள்வி ஒன்றே ஒன்றுதான்: கடையின் முன்பகுதி நிற்பது பட்டா நிலத்திலா, சாலைப் புறம்போக்கிலா?

எதிர்ச்சுவர் விவகாரத்தை விட்டுவிடுங்கள். அவர் ஆக்கிரமித்திருந்தால் அவருக்கும் நோட்டீஸ் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். அதனால் உங்கள் சுவர் நிலைக்காது. சாலை எந்தப் பக்கம் வளைகிறது என்பதிலும் நீதிமன்றம் பொதுவாகத் தலையிடாது.

இனி அந்த மனு. இதில்தான் கட்சிக்காரர்கள் விழுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தாலுகா ஆபீஸ் வாசலில் டைப் அடிப்பவரிடம் போவீர்கள். கல்யாணம், கடன், கஷ்டம் எல்லாம் சொல்வீர்கள். அவர் பழக்கத்தில் ‘நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தமான இடத்தில் நான் கட்டியுள்ள கடையை அகற்றிக்கொள்ள மூன்று மாத அவகாசம்’ என்று அடித்துவிடுவார். நீங்கள் ‘மூன்று மாத’ என்பதை மட்டும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவீர்கள். நிலம் உங்களுடையது அல்ல என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாக அந்தக் காகிதம் ஆகிவிடும். பின்னால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் போட்டால், அரசு வழக்கறிஞர் முதலில் நீட்டுவது அந்த மனுவைத்தான். நீதிபதி கேட்பது, இது உங்கள் கையெழுத்தா என்பதை மட்டும்தான். அதற்குப் பிறகு, இந்தத் தேதிக்குள் காலி செய்கிறேன் என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுப்பதைத் தவிர வழி இருக்காது. பிறகு அளந்து பார்த்து இடம் பட்டாவில் இருப்பது தெரியவந்தாலும், கடையை இடித்து முடித்திருப்பார்கள்.

மனுவுக்குப் பதிலாகக் கெடுவுக்குள் கோட்டப் பொறியாளருக்குப் பதிவுத் தபாலில் ஆட்சேபணை அனுப்புங்கள். இடம் பட்டா நிலம், ஆதாரங்கள் இணைப்பில் உள்ளன, சர்வேயரை வைத்து என் முன்னிலையில் கூட்டாக அளக்க வேண்டும், நிலம் தேவையென்றால் 15-வது பிரிவில் எடுங்கள். இவ்வளவு போதும். தாத்தா மனமுவந்து கொடுத்த கதையை அதில் எழுதாதீர்கள்.

எஃப்.எம்.பி. (நில அளவை வரைபடம்), ‘அ’ பதிவேடு (எந்த சர்வே எண் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் கிராமப் பதிவேடு) இரண்டோடு, யூ.டி.ஆருக்கு (நில ஆவணங்களைப் புதுப்பித்த திட்டம்) முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். 1979-ல் தொடங்கிய யூ.டி.ஆர். திட்டத்தில் பட்டாவைப் புறம்போக்காகவும் புறம்போக்கைப் பட்டாவாகவும் மாற்றி எழுதிய ஊர்கள் ஏராளம். தாரின் விளிம்பைச் சாலையின் எல்லையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒற்றைத்தடச் சாலையில் தார் 3.75 மீட்டர்தான், ஆனால் வரைபடத்தில் சாலை நிலம் அதைவிட எவ்வளவோ அகலமாக இருக்கலாம். பலர் ஏமாறுவது இங்கேதான்.

வரைபடத்தில் சாலைக்குத் தனி சர்வே எண் இருந்தால், அந்த அகலம் அரசுடையது. தாத்தா கொடுத்தார் என்பது அங்கே எடுபடாது. தனி எண் இல்லாமல் சாலை உங்கள் தாத்தாவின் சர்வே எண்ணுக்குள்ளேயே ஓடினால் உங்கள் கை ஓங்கும். நில தானத்துக்குப் பதிவு வேண்டும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 123-வது பிரிவு. வாய்வார்த்தையில் நில உரிமை மாறாது. மக்கள் நடந்து பழகிய பட்டையைத் தாண்டி ஓரடி கூட அரசு சும்மா எடுக்க முடியாது.

அதற்காகப் பழைய பட்டைக்கும் பணம் கேட்டுக் கிளம்பாதீர்கள். இமாசலப் பிரதேசத்தில் 1967-68-ல் நிலம் எடுக்காமலே சாலை போட்ட வழக்கில், 2020-ல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு கொடுக்க வைத்தது உண்மை. ஆனால் அங்கே சம்மதம் இருந்ததை அரசால் நிரூபிக்க முடியவில்லை. உங்கள் வீட்டிலோ நீங்களே அதைச் சொல்கிறீர்கள். கிராமச் சாலைக்குப் பெரியவர்கள் வாய்வார்த்தையில் விட்ட நிலத்துக்கு, விலை ஏறிய பிறகு வாரிசுகள் பணம் கேட்டு வருவதைப் பற்றி உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில் 2011-லேயே உச்ச நீதிமன்றம் எச்சரித்திருக்கிறது. அந்தச் சண்டையில் இறங்கினால், ஜெயிக்க வேண்டிய கடை வழக்கும் கெடும்.

அளவையில் சுவர் புறம்போக்கில் இருந்தால் வழக்குப் போட வேண்டாம். அப்போது அவகாசம் கேளுங்கள், நீங்களே இடித்துக்கொள்ளுங்கள். ஜே.சி.பி. வந்தால் கடையின் நல்ல பாகமும் சேர்ந்து போகும். பட்டாவில் இருந்தால் இழப்பீடு 2013-ம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டக் கணக்கில் வரும்: சந்தை மதிப்பு, கட்டடம், மரங்கள், இவற்றின் மொத்தத்துக்குச் சமமான ஆறுதல் தொகை. ஆனால் தாத்தா பெயரில் பட்டா இருக்கும்வரை அந்தப் பணம் உங்கள் கைக்கு நேராக வராது. அத்தைமார் இருந்தால் அவர்களிடம் இந்த வாரமே போய் உட்கார்ந்து, பங்கைப் பேசி முடித்து எழுதிப் பதிவு செய்யுங்கள். தகராறு என்று ஒரு வரி போனாலும் தொகை நீதிமன்றத்தில் டெபாசிட் ஆகி, வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

அளக்க வரும் நாளில் நீங்களே கூட இருங்கள். குறித்த அளவுகளைச் செல்போனில் படம் எடுங்கள். எழுதி முடிக்காத மகஜரில் (அளந்த விவரத்தை அங்கேயே எழுதும் அறிக்கை) கையெழுத்துப் போடாதீர்கள்.