பாரசீகக் காவியமான ஷாநாமாவின் போர் ஓவியங்களில் வீரர்கள் முகத்தில் உணர்ச்சியே இல்லையே, ஏன்?

வெட்டுகிறவனுக்கும் வெட்டுப்படுகிறவனுக்கும் ஏறக்குறைய ஒரே முகம்தான், நீங்கள் கவனித்தது சரி. பாரசீக ஓவியர்கள் உணர்ச்சியை முகத்தில் காட்டுவதைவிட உடலசைவிலும் நிறத்திலும்தான் அதிகம் காட்டினார்கள். முறுக்கிய கழுத்துடன் சாயும் குதிரை, சட்டத்தைக் கிழித்து வெளியே நீளும் கொடி, பொன்னிற வானம். குன்றுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் கூட்டத்தைப் பாருங்கள்: சிலர் உதட்டில் விரல் வைத்திருப்பார்கள். நாம் மூக்கில் விரல் வைப்பதுபோல, அது வியப்பின் அடையாளம்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1330களில் ஈரானை ஆண்ட இல்கானிய மங்கோலியர் ஆட்சியில் உருவான ‘பெரிய ஷாநாமா’ என்ற கையெழுத்துப் பிரதியில் அழுகையும் வெறியும் வெளிப்படையாகவே இருக்கும். எனக்குப் பிடித்தது அதுதான்! பிறகு வந்த ஹெராத், தப்ரீஸ் நகரங்களின் ஓவியப் பட்டறைகள் நேர்த்தியை நோக்கிப் போயின. அதன் உச்சம் பாரசீக மன்னர் ஷா தஹ்மாஸ்பின் பிரதி; 258 ஓவியங்கள். 1568இல் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் செலீமுக்குப் பரிசாகப் போனது. 20ஆம் நூற்றாண்டில் ஏடு ஏடாகப் பிரித்து விற்றுவிட்டார்கள், கொடுமை.

அப்புறம், ஓடைகள் கறுப்பாக இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். வெள்ளி பூசியிருந்தார்கள், நாளாக ஆகக் கறுத்துவிட்டது. முகத்தை வைத்துக் காவியத்தின் பெருவீரன் ருஸ்தமைத் தேடினாலும் கிடைக்கமாட்டான். புலித்தோல் அங்கியும் சிறுத்தைத் தலை பொருத்திய தலைக்கவசமும் அணிந்திருப்பவன் அவன். ஏறியிருப்பது பெரும்பாலும் புள்ளிகள் நிறைந்த அவன் குதிரை ரக்ஷ்.