காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு (வாசகர் கடிதமும் பதிலும்)

அஸ்ஸலாமு அலைக்கும் அக்கா,

பேர் போடாதீங்க, ஊரும் வேணாம், அய்யம்பேட்டை பக்கம்னு மட்டும் போட்டுக்கங்க. வயசு 24. கும்பகோணத்துல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை. ஒம்பதாவதுலேர்ந்து நீள அங்கி அபாயாவும், தலைய மூடுற ஹிஜாபும் போடுறேன். அப்ப யாரும் கட்டாயப்படுத்தல, கூட படிச்ச எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன். இப்ப ஒரு வருஷமா காலைல வீட்லேர்ந்து போட்டுட்டு கெளம்பி, கும்பகோணம் பஸ்ஸ்டாண்டுல எறங்குனதும் கழட்டி டிபன் பையில சுருட்டி வச்சிடுறேன், சாயங்காலம் திரும்ப போட்டுட்டு பஸ் ஏறுறேன். ஏன்னு கேட்டா பெரிய காரணம் எதுவும் இல்லக்கா, வேணாம்னு தோணுது. ஆனா ரமலான்ல போடுறேன். சில நாள் சும்மாவே போட்டுக்கிட்டு ஆபீசுக்கே போயிடுறேன். மொதல்ல கழட்டுன அன்னிக்கி கூட வேலை பாக்குற ஒருத்தவங்க 'இப்பதான்டி நீ ஃப்ரீயா இருக்க'ன்னு ஸ்வீட் வாங்கிக் குடுத்தாங்க, மறுபடி போட்டுட்டு போனப்ப 'வீட்ல ஏதும் பிரச்சனையா'ன்னு கேட்டாங்க, ரெண்டுமே புடிக்கல. 2022ல உடுப்பி காலேஜ்ல ஹிஜாப் போட்டு வரக்கூடாதுன்ன பிரச்சனை நடந்தப்ப அந்த புள்ளைங்களுக்காக அழுதிருக்கேன், அதே வருஷம் ஈரான்ல கழட்டி எரிச்சாங்களே, அதுக்கும் அழுதேன். அம்மாவுக்கு அரசல்புரசலா தெரியும். அத்தா சவூதில இருக்காங்க, தெரியாது. மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிட்டாங்க. நான் முனாஃபிக்காக்கா, உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு நடிக்கிறவளா? ஏதாவது ஒண்ணுல நிக்கணும்ல?

(அபாயாவ பையில வச்சா சுருங்கிடுது, குழம்பு கறை வேற.)

— — —

வஅலைக்கும் ஸலாம்மா,

நீன்னே கூப்புடுறேன், என் மூத்த மகளுக்கு உன் வயசுதான். லெட்டர மூணு நாளா திரும்பத் திரும்ப படிச்சிட்டு இருந்தேன், அந்த குழம்பு கறைல வந்து ஒவ்வொரு தடவையும் சிரிச்சிட்டேன், கோச்சுக்காத.

முனாஃபிக்குன்னு அவ்ளோ பெரிய வார்த்தையெல்லாம் எதுக்கு எடுக்குற. நான் மார்க்கம் படிச்ச ஆலிமா இல்ல, ஆனா மதரஸாவுல ஓதுனது ஞாபகம் இருக்கு, ஹதீஸ்ல முனாஃபிக்குக்கு அடையாளம் மூணு: பேசுனா பொய் பேசுவான், வாக்கு குடுத்தா மீறுவான், நம்பி ஒப்படைச்சா மோசடி பண்ணுவான். இதுல துணி எங்கயும் வரல. பொய் வருது. உன்ன உறுத்துறது அதுதான்னு நெனக்கிறேன், கழட்டுறது இல்ல, அத்தாவுக்கு தெரியாம கழட்டுறது. அதுக்கு பின்னாடி வர்றேன்.

எங்க நன்னிக்கு, அதான் பாட்டிக்கு, ஊரு ராஜகிரி, கொடிக்கால் வச்சிருந்த குடும்பம். வெத்தலைய கவுளி கவுளியா எண்ணி அடுக்குறப்ப முக்காடு நழுவி தோள்ல கெடக்கும், வெளி ஆம்பள யாராவது வந்தா கை ரெண்டும் வெத்தலைல இருக்கறதால பல்லால கடிச்சு இழுத்து தலைல போட்டுக்கும், ஏவாரி போனதும் திரும்ப நழுவும், ஒரு நாளைக்கி நூறு தடவ ஏறி எறங்குற முக்காடு அது. கல்யாணம் காட்சிக்கு போனா மட்டும் வெள்ளை துப்பட்டி. இந்த கறுப்பு அபாயால்லாம் எங்க வீட்டுக்கு வந்தது வெளிநாட்டு சபுராளி பொட்டியிலதான், 90கள்ல எங்கண்ணன் குவைத்துலேர்ந்து வந்தப்ப, கோடாலி தைலம், டேங் டப்பா, சென்ட் பாட்டிலோட ரெண்டு அபாயா. நன்னி தொட்டு பாத்துட்டு 'வக்கீலுக்கு படிக்கப் போறாளா இவ'ன்னு கேட்டுச்சு. அது மவுத்தாகுற வரைக்கும் அத போடவே இல்ல. அதுக்காக யாரும் நன்னிக்கு ஈமான் கம்மின்னு சொல்லல, சொல்லிருந்தா பாக்குவெட்டிய எடுத்திருக்கும். இன்னிக்கி அதே தெருவுல போய் வெறும் சேலை முக்காட்டோட நின்னா என்னைய 'மாடர்னா'ன்னு கேக்குறாங்க, நன்னி போட்ட அதே முக்காடும்மா!

என் கதைய கேளு. பத்து வருஷம் அபாயா போட்டேன், பெருமையாத்தான் போட்டேன். டீச்சர் வேலைக்கு அலைஞ்சப்ப ஒரு ஸ்கூல்ல 'இத கழட்டிட்டு வர்றதுன்னா சொல்லுங்க'ன்னாங்க, எனக்கு வந்த கோவத்துல எந்திரிச்சு வந்துட்டேன். அப்புறம் நானா ஒரு நாள் நிறுத்துனேன், சித்திரை வெயில்தான் காரணம், வேற எந்த புரட்சியும் இல்ல. அடுத்து வேற ஒரு ஸ்கூலுக்கு இன்டர்வியூ போனா, அது நம்மாளுங்க நடத்துறது, 'நீங்க பர்தா போடுறதில்லையா'ன்னு கேட்டாங்க, அங்கயும் எந்திரிச்சு வந்தேன். வேலையில்லாமயே ரொம்ப நாள் இருந்தேன்னு வச்சிக்க. அப்புறம் வீட்டுக்காரர் தஞ்சாவூர்ல ஆஸ்பத்திரில கெடந்த ரெண்டு மாசமும் அபாயாதான் என்னை காப்பாத்துச்சு, நைட்டி மேல அத மாட்டிக்கிட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு மருந்துக்கடைக்கு ஓடலாம், தலைய சீவிருக்கியான்னு யாரு பாக்குறா. இப்ப முக்காடு. நாளைக்கி என்னன்னு எனக்கே தெரியாது. இதுல எது விருப்பம் எது சவுகரியம் எது பயம்னு பிரிச்சு பிரிச்சு சொல்லுன்னா என்னால முடியாது, சேலை புடிச்சிருக்கான்னு பாத்து எடுக்குறப்ப கூட ஊரு என்ன சொல்லும்னு மனசுக்குள்ள ஒரு மூலைல ஓடத்தான் செய்யும்.

உடுப்பிக்கும் அழுதேன், ஈரானுக்கும் அழுதேன், ரெண்டும் எப்புடி சேரும்னு உனக்கு ஒரு சந்தேகம் இருக்கு போல. எனக்கு அதுல சந்தேகமே இல்லம்மா. ஈரான்ல 1936ல ரிசா ஷாங்கற ராஜா முக்காடு போடக்கூடாதுன்னு ஆணை போட்டார், தெருவுல போலீஸ்காரன் பொம்பளைங்க தலைலேர்ந்து புடுங்குனான், அதுக்கு பயந்து வீட்ட விட்டே வெளிய வராம கெடந்தவங்க உண்டு. அப்புறம் 1979ல புரட்சி, மார்ச் மாசம் தலைய மூடணும்னு பேச்சு வந்த ஒடனே பொம்பளைங்க ஆயிரக்கணக்குல தெருவுக்கு வந்து கத்துனாங்க, கடைசில பலிக்கல, 1983ல கசையடி தண்டனையோட சட்டமாவே ஆயிடுச்சு. அங்க 1920 வாக்குல பொறந்த ஒருத்திய நெனச்சு பாரு, பதினாறு வயசுல ஒரு போலீஸ்காரன் கழட்டுறான், அறுவது வயசுல இன்னொரு போலீஸ்காரன் போடுங்குறான். நடுவுல அவகிட்ட ஒரு வார்த்த யாரு கேட்டா? 2022 செப்டம்பர்ல மஹ்சா அமினிங்கற 22 வயசு பொண்ணு, முக்காடு சரியில்லன்னு போலீஸ் புடிச்சிட்டுப்போன எடத்துல மயங்கி விழுந்தா, மூணு நாள்ல ஆஸ்பத்திரில செத்தும் போயிட்டா. அதே வருஷம் பிப்ரவரில கர்நாடகாவுல அரசாங்க உத்தரவு வந்து, படிக்க வந்த புள்ளைங்கள கேட்டுக்கு வெளிய நிக்க வச்சாங்க. மார்ச் 15 ஹைகோர்ட்டு அது சரின்னுச்சு, அக்டோபர் 13 சுப்ரீம் கோர்ட்ல ரெண்டு ஜட்ஜும் ஆளுக்கு ஒரு தீர்ப்பு குடுத்தாங்க. அதுல ஜஸ்டிஸ் துலியா, மதத்துல இது அவசியமா இல்லையாங்கற ஆராய்ச்சிக்கே போக வேணாம், இது அந்த புள்ளையோட விருப்பம்னு எழுதுனார், கிராமத்துலேர்ந்து ஒரு பொண்ணு படிக்க வர்றதுக்கே எவ்ளோ தடை இருக்கு, அவள இன்னும் கஷ்டப்படுத்தணுமான்னும் கேட்டார். உன் கண்ணுல ரெண்டு தடவையும் வந்தது ஒரே அழுகைதான்.

இத ஏதோ அரபு நாட்டு சமாச்சாரம்னு பேசுற கும்பகோணத்துக்காரங்ககிட்ட நான் விதவைங்களுக்கு கட்டி விட்ட நார்மடி சேலைய ஞாபகப்படுத்துவேன். புருஷன் செத்தா மொட்டை அடிச்சு, நார்மடி முக்காட்ட போட்டு மூலைல உக்கார வச்ச தெருவுங்க அங்க காவேரிக்கரையிலயே இருந்துச்சு, பதினஞ்சு வயசு பொண்ண கூட விடல. அந்த முக்காட்ட அவங்க யாரும் கேட்டு வாங்கல.

சரி, ஒண்ணுல நிக்கணுமான்னு கேட்டல்ல. எதுக்கு நிக்கணும்? இத சொல்லத்தான் இவ்ளோ சுத்தி வந்தேன். உன் ஆபீஸ் அக்காவும் சரி, உங்க தெரு மாமிங்களும் சரி, நீ ஒரு தடவ முடிவெடுத்தா ஒத்துக்குவாங்க, கொஞ்சம் முணுமுணுத்துட்டு. நீ போட்டா போட்டவ, கழட்டுனா கழட்டுனவ, அவங்களுக்கு ஒரு டப்பா கெடச்சிடும். மனசு மாத்துனாத்தான் ஸ்வீட்டும் விசாரணையும். விருப்பம் விருப்பம்னு பேசுறவங்க கூட அது என்னவோ கெரயப் பத்திரம் மாதிரி ஒரு தடவ கையெழுத்து போட்டா முடிஞ்சதுன்னு நெனக்கிறாங்க. எனக்கு அப்படி தோணல. நேத்து போட்டத இன்னிக்கி வேணாம்னும், இன்னிக்கி வேணாம்னத ரமலானுக்கு வேணும்னும் சொல்ல முடிஞ்சாத்தான் அது உன் கைல இருக்குன்னு அர்த்தம். ஸ்வீட் வாங்கிக் குடுத்த அந்தம்மாகிட்ட ஒரு நாள் சிரிச்சிக்கிட்டே சொல்லு, நீங்க ஒரு நாள் சுடிதார் ஒரு நாள் சேலைன்னு வர்றப்ப நான் வீட்ல பிரச்சனையான்னு கேட்டேனான்னு. ரெண்டும் ஒண்ணு இல்லதான், எனக்கும் தெரியும், ஆனா அவங்க வாய் அடையும்.

இப்ப அத்தா. இங்கதான் எனக்கு பயம். தைரியமா சொல்லிடுன்னு எழுதுறது எனக்கு ஈசி, அவங்க போன்லயே வேலைய விட்டுட்டு வீட்ல இருன்னுட்டா உன் சம்பளத்த நானா தரப்போறேன்? அதனால அத்தாகிட்ட எப்ப சொல்லணும், சொல்லணுமாங்கறதே உன் கணக்கு, உங்கம்மாவ பக்கத்துல வச்சிக்கிட்டு போடு. அந்தம்மா தெரிஞ்சும் தெரியாத மாதிரி ஒரு வருஷமா ஓட்டுறாங்களே, அது சும்மா இல்ல, உனக்காக அவங்க தாங்குறது அது. மாப்பிள்ளை விஷயத்துல மட்டும் நான் கறாரா சொல்லுவேன், நிக்காஹுக்கு முன்னாடி அவர்கிட்ட நீயே பேசிடு, போடமாட்டேன்னு சொல்லாத, அது உண்மை இல்ல, போடுவேன்னும் சொல்லாத. சில நாள் போடுவேன், சில நாள் போடமாட்டேன், எந்த நாள்னு கேக்கக்கூடாதுன்னு சொல்லு. மொகம் எப்புடி போவுதுன்னு பாரு. புரோக்கர் கொண்டு வர்ற பயோடேட்டாவுல இல்லாத சங்கதி அதுல தெரிஞ்சிடும்.

அப்புறம் அந்த துணி. நிதா துணில எடு, கொஞ்சம் காசு கூட, ஆனா சுருங்காது. மடிக்காம நீளவாக்குல உருட்டி வை. டிபன் பையில வைக்காத, ஜவுளிக்கடை பை ஒண்ண தனியா வச்சிக்க. குழம்பு எண்ணெய் பட்ட எடத்துல பாத்திரம் கழுவுற லிக்விட ரெண்டு சொட்டு விட்டு கால்மணி நேரம் ஊற வச்சு அலசு, போயிடும். ரசம் கொண்டு போற அன்னிக்கி மட்டும் எதுக்கும் போட்டுக்கிட்டே போயிடு.