நெஞ்சு எரியவில்லை, ஆனால் தொண்டை அடைக்கிறது

களுவாஞ்சிகுடியிலிருந்து ஓர் ஆசிரியை கேட்கிறார்: "வயது 41. நாலு மாதமாகத் தொண்டையில் ஏதோ ஒட்டியிருப்பது போல இருக்கிறது. எந்நேரமும் செருமுகிறேன். காலையில் முதல் பாடத்துக்குக் குரல் எழும்பாது. நெஞ்செரிவு ஒருநாளும் இல்லை. ஆனாலும் 'அசிட் மேலே வருகிறது' என்று ஒமெப்ரசோல் தந்தார்கள். மூன்று கிழமை சாப்பிட்டபிறகு போட்டும் மாற்றமில்லை. பிழையான மருந்தா?"

மருந்து பிழையா என்பது பிறகு. போடும் நேரம் நிச்சயமாகப் பிழை.

இரைப்பையில் அமிலத்தைச் சுரக்கும் பம்புகள் நாம் சாப்பிடத் தொடங்கும்போதுதான் முழுதாக வேலைசெய்யும். அந்த நேரத்தில் மருந்து இரத்தத்தில் இருந்தால்தான் அவற்றை அடைக்கலாம். ஆகவே காலைச் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்னர், வெறும் வயிற்றில், தண்ணீரோடு விழுங்க வேண்டும். இரண்டு வேளை எழுதியிருந்தால் மற்றது இரவுச் சாப்பாட்டுக்கு முன். கப்சூலுக்குள் இருக்கும் மணிகளை மெல்லவோ பொடியாக்கவோ கூடாது. மேற்பூச்சு உடைந்தால் இரைப்பை அமிலமே மருந்தை அழித்துவிடும்.

நெஞ்செரிவு இல்லாமல் அமிலமா என்று பலர் நம்புவதில்லை. களத்துக்கு, அதாவது தொண்டையிலிருந்து இரைப்பைக்குப் போகும் உணவுக்குழாய்க்கு, ஓரளவு தற்காப்பு உண்டு: மேலே வந்ததைச் சுருங்கி விரிந்து கீழே தள்ளும், மீதியை உமிழ்நீர் தணிக்கும். குரல்வளைக்கு அந்த வசதி குறைவு. களத்தில் எரிவை உண்டாக்காத சிறு அளவே அங்கே போதும். அமிலத்தோடு பெப்சின் என்ற நொதியமும் ஏறிவந்து தொண்டைத் தோலில் ஒட்டிக்கொள்ளும். பிறகு புளிப்பாக ஏதும் குடித்தால் அது திரும்பவும் உசாராகும். அதனால் தொண்டைக்கு நல்லதென்று தேனும் தேசிக்காயும் கலந்து குடிப்பவர்களுக்குப் பெரும்பாலும் கூடத்தான் செய்யும்.

எரிச்சலை மூடத் தொண்டை சளியைச் சுரக்கிறது. நீங்கள் செருமுகிறீர்கள். ஒவ்வொரு செருமலிலும் இரண்டு குரல் நாண்களும் ஒன்றோடொன்று மோதி வீங்கும், சளி இன்னும் கூடும். செருமத் தோன்றும்போது ஒரு மிடறு தண்ணீர் குடித்து, நாடியைச் சற்றே தாழ்த்தி அழுத்தமாக விழுங்குங்கள். வகுப்பு மேசையில் தண்ணீர்ப் போத்தல் இருக்கட்டும். மென்தோல் (புதினாக் குளிர்ச்சி தரும் பொருள்) சேர்ந்த இனிப்புகள் வேண்டாம். தொண்டையைக் காயவைக்கும், களத்துக்கும் இரைப்பைக்கும் இடையிலுள்ள இரைப்பை வாயிலையும் தளர்த்தும்.

மருந்தைவிடச் சாப்பாட்டு நேரம்தான் முக்கியம் என்பது எங்கள் கருத்து. பலருடைய நாள் இப்படித்தான்: பாடசாலை முடிந்து இரண்டரைக்கு வயிறு நிறையச் சோறு, வெக்கைக்கு உடனே ஒரு சாய்வு; இரவு ஒன்பதுக்குக் கொத்துரொட்டி, மேலே எருமைத் தயிர், பத்து மணிக்குப் படுக்கை. கொழுப்புச் சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்க நேரமெடுக்கும், படுத்தால் அது மேலே வர வழி திறந்தே கிடக்கும். கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணித்தியாலம் விடுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டின் கீழும் 15–20 சென்ரிமீற்றர் உயர மரக்குற்றி வையுங்கள். தலையணையை அடுக்கினால் வயிறு மடிந்து அழுத்தம் கூடும். பாயில் படுப்பவர்கள் இடப்பக்கமாகச் சரிந்து படுத்தால் ஓரளவு உதவும்.

எல்லாவற்றையும் தவிர்க்கச் சொன்னால் யாரும் ஒரு கிழமைக்கு மேல் தாங்கமாட்டார்கள். இரண்டு கிழமைக்கு மட்டும் வெறும் வயிற்றுப் பிளேன்டீ, சோடா, பொரியல், இரவுத் தயிர், புளியாணம் இவற்றை நிறுத்துங்கள். பிறகு மூன்று நாளைக்கு ஒன்றாகத் திரும்பச் சேருங்கள். எது உங்களுக்கு ஒத்துவராது என்று தொண்டையே காட்டும்.

கவிஸ்கோன் போன்ற அல்ஜினேற் பாணி இரைப்பையில் உள்ளவற்றின் மேல் மிதந்து மூடிபோல நிற்கும். சாப்பிட்ட பிறகும் படுக்கும்போதும் 10 மில்லிலீற்றர். அதைக் குடித்த உடனே தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. அதில் சோடியம் இருப்பதால் பிரஷர், இருதய, சிறுநீரக நோயாளிகள் வைத்தியரைக் கேட்டே எடுக்க வேண்டும்.

சரியான நேரத்தில் போட்டாலும் தொண்டை ஆற இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அப்போதும் மாற்றம் இல்லையென்றால் அளவைக் கூட்டிப் பயனில்லை, காரணத்தைத்தான் திரும்பத் தேட வேண்டும். தொடர்ந்து தொண்டைத் தொந்தரவு உள்ளவர்களுக்கு ஒமெப்ரசோல் வகையைச் சேர்ந்த லன்சோபிரசோலை இரண்டு வேளை வீதம் 16 கிழமை கொடுத்துப் பார்த்த பிரித்தானிய ஆய்வொன்று 2021இல் வெளியானது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட அது மேலாக வேலைசெய்யவில்லை. மாதக்கணக்கில் போட்டுவந்தவர்கள் திடீரென நிறுத்தினால் அமிலம் கொஞ்ச நாளைக்குக் கூடுதலாகச் சுரக்கும். வைத்தியரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

உங்கள் விடயத்தில் மூன்று மாதம் காத்திருக்கச் சொல்லமாட்டோம். குரல் கம்மல் மூன்று கிழமையைத் தாண்டினால் குரல்வளையைக் கமராவால் பார்த்தேயாக வேண்டும், உங்களுக்கு நாலு மாதமாகிவிட்டது. ஆசிரியர்களுக்குக் குரல் நாணில் வரும் சிறு முடிச்சும் இதே குறிகளைக் காட்டும். அதற்கு ஒமெப்ரசோல் வேலைசெய்யாது, குரல் பயிற்சிதான் தேவை. மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்க்கச் சில நிமிடம் போதும். அருகிலுள்ள வைத்தியசாலையில் கடிதம் வாங்கி, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் காது மூக்கு தொண்டைக் கிளினிக்குக்குப் போங்கள். விழுங்கக் கஷ்டம், ஒரு பக்கக் காதுவலி, கழுத்தில் கட்டி, சளியில் இரத்தம், மெலிவு இவற்றில் ஒன்று இருந்தாலும் நாள் கடத்த வேண்டாம். வெற்றிலையோடு புகையிலை போடுபவர்களுக்கும் சிகரெட் பிடிப்பவர்களுக்கும் இது இரட்டிப்பாகப் பொருந்தும். மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தால் கிளினிக் நாளைப் பார்க்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போக வேண்டும்.

போகும்போது நீங்கள் போடும் எல்லாக் குளிசைகளையும் கொண்டுபோங்கள். இழுப்புக்குத் தரும் தியோபிலினும் பிரஷருக்குத் தரும் நிஃபெடிபினும் இரைப்பை வாயிலைத் தளர்த்தக்கூடியவை. நீங்களாக நிறுத்தாதீர்கள், வைத்தியரிடம் காட்டுங்கள்.