ஈறில் ரத்தம் வந்தால் ஃப்ளாஸ் செய்வதை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: எனக்கு 41 வயது. தினமும் காலையிலும் இரவிலும் பல் துலக்குகிறேன். ஆனாலும் கீரையோ இறைச்சியோ சாப்பிட்டால் வலப்பக்கக் கடைவாய்ப் பற்களுக்கு இடையே சிக்கிக்கொள்கிறது, பல்குத்தியால் எடுத்துவிடுவேன். பல் மருத்துவர் சொன்னதால், பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலான ஃப்ளாஸ் வாங்கினேன். பயன்படுத்திய சில நாட்களும் ஈறில் ரத்தம் வந்ததால் நிறுத்திவிட்டேன். நூலை விட்டு இழுத்தால் பல் இடுக்கு அகன்றுவிடும் என்று என் மாமியாரும் சொல்கிறார். மீண்டும் தொடங்கலாமா? - வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: அவசியம் தொடங்குங்கள். நீங்கள் நிறுத்தக் காரணமாக இருந்த அந்த ரத்தக்கசிவுதான், உங்கள் பல் இடுக்குகளுக்குச் சுத்தம் போதவில்லை என்பதற்கான அடையாளம். ஒரு பல்லின் ஐந்து பரப்புகளில், பக்கத்துப் பற்களை ஒட்டியிருக்கும் இரண்டை பிரஷ் சரியாக எட்டுவதில்லை. அங்கே நாள்தோறும் படியும் பிளேக் என்னும் பாக்டீரியாப் படலம் ஈறை வீங்கச் செய்வதால், நூல் லேசாகப் பட்டாலே ரத்தம் கசிகிறது.

1965-இல் டென்மார்க்கில் பல் மருத்துவ ஆய்வாளர் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வில், ஆரோக்கியமான ஈறு உள்ளவர்கள் பல் சுத்தம் செய்வதை முற்றிலும் நிறுத்தியபோது, அனைவருக்குமே 10 முதல் 21 நாட்களுக்குள் ஈறு அழற்சி வந்தது. மறுபடி சுத்தம் செய்யத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் சரியானது. எனவே தினமும் மென்மையாகச் செய்துவந்தால், உங்களுக்கும் ஒன்றிரண்டு வாரங்களில் கசிவு குறைந்து நிற்க வேண்டும்.

உங்கள் மாமியார் காரணமில்லாமல் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். வீக்கம் வடியும்போதும், பல்லில் படிந்து கெட்டியான காரையைப் பல் மருத்துவர் அகற்றும்போதும், அதுவரை அவற்றால் மூடியிருந்த இடைவெளி வெளியே தெரியும். பார்ப்பவருக்கு இடுக்கு புதிதாக விழுந்ததுபோல் தோன்றும். முறையாகச் செய்யும் ஃப்ளாஸ் பற்களை விலக்குவதில்லை. கவனிக்காமல் விட்ட ஈறு நோய் பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைப்பதுதான் பற்களை உண்மையாகவே விலகச் செய்யும். பல்குத்தியை அடிக்கடி அழுத்திக் குத்துவதும் ஈறைப் புண்ணாக்கி, நாளடைவில் கீழிறங்கச் செய்யும் என்பதால், அதை இன்றோடு விட்டுவிடுங்கள். சேஃப்டி பின், ஊசி போன்றவற்றை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

செய்முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். சுமார் 45 செ.மீ. நூலை எடுத்து, இரு கைகளின் நடுவிரல்களிலும் சுற்றிக்கொண்டு, இடையே இரண்டு மூன்று செ.மீ. அளவை மட்டும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இறுக்கிப் பிடியுங்கள். பற்களுக்கு இடையே நூலை அழுத்தி இறக்கினால் அது சட்டென்று ஈறில் இறங்கி வெட்டிவிடும். முன்னும் பின்னும் மெல்ல அசைத்தபடி இறக்குங்கள். உள்ளே போனதும் நூலை ஒரு பல்லைத் தழுவும்படி வளைத்து, ஈறின் விளிம்புக்குச் சற்றுக் கீழிருந்து மேலும் கீழுமாகச் சில முறை தேயுங்கள். பிறகு அதே இடுக்கில் பக்கத்துப் பல்லையும் அப்படியே தேயுங்கள். அடுத்த இடுக்குக்கு நூலின் புதிய பகுதியைப் பயன்படுத்துங்கள்.

இரவில் பல் துலக்குவதற்குச் சற்று முன்பாக ஃப்ளாஸ் செய்வதையே நான் விரும்புகிறேன். துலக்கி முடித்தவுடன் தூங்கப்போகும் அவசரத்தில் நூலை மறந்துவிடுவோம். டப்பாவை அலமாரிக்குள் வைக்காமல் பிரஷ்ஷுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். முதல் வாரம் உணவு சிக்கும் கடைவாய்ப் பற்களை மட்டும் செய்தால் போதும். கை பழகியதும் எல்லாப் பற்களுக்கும் விரிவாக்குங்கள். வேலைக்குப் போய் அலுத்து வரும் நாட்களில் இரவு இயலாது என்றால் காலையில் செய்யுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் வழக்கம்போல் தொடருங்கள்.

இடைவெளி ஏற்கெனவே அகலமாக இருந்தால், பற்களுக்கு இடையே நுழையும் சிறிய இடுக்கு பிரஷ் நூலைவிட நன்றாகச் சுத்தம் செய்யும். அதன் அளவைப் பல் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது, உணவு எப்போதும் வலப்பக்கத்திலேயே சிக்குகிறது என்பதுதான். இரு பற்களுக்கு நடுவே மறைவாகச் சொத்தை விழுந்திருந்தாலோ, முன்பு சொத்தைக்கு வைத்த அடைப்பின் விளிம்பு சரியாகப் பொருந்தாமல் இருந்தாலோ இப்படி நேரும். அந்த இடத்தில் நூல் பிசிறு பிசிறாகக் கிழிந்தால் சந்தேகம் வலுக்கும். எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். படிந்து இறுகிய காரையை எந்த நூலாலும் எடுக்க முடியாது என்பதால், அதை அகற்றும் ஸ்கேலிங் தேவையா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம்.

அண்மையில் ரத்தச் சர்க்கரை பரிசோதிக்கவில்லை என்றால் அதையும் செய்துகொள்ளுங்கள். கட்டுப்பாடற்ற சர்க்கரை ஈறு நோயை மோசமாக்கும், ஈறு நோய் சர்க்கரைக் கட்டுப்பாட்டையும் கெடுக்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவராக இருந்தால், ஈறில் கசிவதற்காக அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பல் மருத்துவரிடம் தெரிவியுங்கள். இரண்டு வாரங்கள் ஒழுங்காகச் செய்தும் ரத்தம் நிற்காவிட்டால், அல்லது சீழ், பல் ஆட்டம், நீங்காத வாய் நாற்றம் ஏதேனும் இருந்தால், தாமதிக்காமல் நேரில் சென்று காட்டுங்கள்.